ஒரே கம்பியில் மூன்று சத்தம்: இருவழி வானொலியைக் கார் ஸ்டீரியோவோடு இணைத்த ஓர் ஆய்வு

"அண்ணா, வானொலியை ஸ்டீரியோவில் இணைத்துவிட்டேன். ஆனால் ஒரே சத்தமாக இருக்கிறது" என்று தம்பி தொலைபேசியில் சொன்னான். சத்தமாகக் கேட்க வேண்டும் என்றுதானே இணைத்தான், பிறகு என்ன குறை என்று ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. ஒலி கூடினாலும் சத்தம்தான், இரைச்சல் வந்தாலும் சத்தம்தான். நம் பேச்சு வழக்கில் இரண்டுக்கும் ஒரே சொல். இந்த வேலை முழுவதும் எங்களைக் குழப்பியது அந்தச் சொல்தான். அதைப் பிரித்துக் கேட்கத் தொடங்கியதும் வழியும் கிடைத்தது.

தம்பி என்றால் உடன்பிறந்தவன் இல்லை, வானொலிப் பழக்கத்தில் எனக்கு இளையவன். அவனுடையது டீசல் எஞ்சின் கொண்ட பெரிய வண்டி. ஓடும்போது உள்ளே இருப்பவர்கள் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். டேஷ்போர்டுக்குக் கீழே 50 வாட் விஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) இருவழி வானொலிச் செட் ஒன்றைப் பொருத்தியிருந்தான். இத்தகைய செட்டுகள் பலவற்றில் ஸ்பீக்கர் மேல்மூடியில் இருக்கும், சிலவற்றில் அடிமூடியில். இவன் பொருத்தியிருந்த விதத்தில் அது காலடி விரிப்பைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது. ஆனால் வண்டியின் ஸ்டீரியோவுக்கோ நான்கு கதவிலும் ஸ்பீக்கர், ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் சப்வூஃபர், தனி ஆம்ப்ளிஃபயர். அவ்வளவு இருக்கும்போது விரிப்போடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்று அவன் நினைத்ததில் தவறு இல்லை. இரண்டு முனையிலும் 3.5 மில்லிமீட்டர் பிளக் உள்ள கம்பி ஒன்றை எடுத்தான். ஒரு முனையைச் செட்டின் வெளி ஸ்பீக்கர் துளையிலும் மறுமுனையை ஸ்டீரியோவின் ஆக்ஸ் துளையிலும், அதாவது வெளிக் கருவியின் ஒலியை உள்ளே வாங்கும் துளையிலும், செருகினான்.

வண்டியைப் பார்க்கப் போகும் முன் அவனிடம் ஒரு வேலை கொடுத்தேன். சத்தம் என்ற சொல்லைப் பயன்படுத்தாமல், என்ன கேட்கிறது, எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று எழுதி வை என்றேன். மூன்று வரி எழுதியிருந்தான். எஞ்சின் ஓடினால் ஊளை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஊளையின் சுருதி ஏறுகிறது. அவன் செட்டில் பேசும்போது கதவு ஸ்பீக்கரில் படபடவென்று அடிக்கிறது. குரல் இடப்பக்கம் மட்டும் வருகிறது, அதுவும் கரகரவென்று. மல்டிமீட்டரைத் தொடுவதற்கு முன்பே பாதி நோய் தெரிந்துவிட்டது.

எளிதானதை முதலில் முடித்தோம். செட்டின் ஸ்பீக்கர் துளை மோனோ, இடம் வலம் என்ற பிரிவில்லாத ஒற்றை ஒலி. அதில் ஸ்டீரியோ பிளக்கைச் செருகினால், நடு வளையம் எர்த் பகுதியை, அதாவது மின்னோட்டம் திரும்பிப் போகும் பொதுப் பாதையை, தொட்டுக்கொள்ளும். வலப்பக்க ஒலி அங்கேயே அடைந்துபோகும். மோனோ பிளக் ஒன்றைப் பற்றவைத்து, அதன் நுனியிலிருந்து வரும் ஒரே கம்பியை ஆக்ஸ் பக்கம் இடம், வலம் இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்ததும் அந்தக் குறை தீர்ந்தது.

ஆனால் அந்தப் பிளக்கை மறுபடி செருகும் முன் ஒரு சோதனை செய்தேன். இதை யாரும் தவிர்க்கக் கூடாது. செட்டை இயக்கிவிட்டு, ஸ்பீக்கர் துளையின் இரண்டு முனைகளையும் ஒவ்வொன்றாக வண்டியின் பாடி எர்த்தோடு மல்டிமீட்டரில் அளந்தேன். ஒரு முனை பாடியோடு ஒன்றாக இருந்தது. மறுமுனையில் நேர்மின் (டிசி) அழுத்தம் இல்லை. நல்லவேளை. சில செட்டுகளில் இரண்டு முனையிலும் பேட்டரி மின்னழுத்தத்தின் பாதி, அதாவது ஆறேழு வோல்ட், நின்றுகொண்டிருக்கும். அவற்றில் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் எதிரெதிராக நின்று ஸ்பீக்கரைத் தள்ளி இழுக்கின்றன. எந்த முனையையும் எர்த் செய்யக் கூடாது. ஆக்ஸ் கம்பியின் ஷீல்டு, அதாவது எர்த்தோடு சேரும் வெளி உலோக உறை, அதைத் தொட்டால் செட்டின் ஒலிப் பகுதி வெந்துபோகலாம். கார் ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் கம்பிகளும் பெரும்பாலும் இதே வகைதான். அதனால்தான் "ஸ்பீக்கர் கம்பியிலேயே நேராகச் சேர்த்துவிடலாமே" என்று யாராவது யோசனை சொன்னால் நான் அவர் கையிலிருந்து கட்டிங் பிளேயரை வாங்கி வைத்துவிடுவேன்.

கரகரப்புக்குக் காரணம் அளவு. இரண்டு வாட் ஒலியை 8 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் செட், அந்த முனையில் 4 வோல்ட் தருகிறது. ஆக்ஸ் துளை எதிர்பார்ப்பதோ ஒரு வோல்ட்டுக்குள். இதை உணர்ந்த தம்பி, செட்டின் ஒலிக் குமிழை ஏறக்குறைய மூடிவிட்டு, ஸ்டீரியோவின் ஒலியை முக்கால் பங்குக்கு ஏற்றியிருந்தான். கரகரப்பு குறைந்தது, ஊளை பெரிதானது. ஊளை கம்பியில் நுழைகிறது. அதன் அளவு குமிழைப் பொறுத்ததல்ல. குரலைச் சிறிதாக அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் பெரிதாக்கினால், கூடவே வந்த ஊளையும் பெரிதாகும்.

இதைத் தலைகீழாக்கினோம். குரலைப் பெரிதாகவே அனுப்பி, ஸ்டீரியோவின் வாசலில் வைத்துக் குறைப்பது. செட்டின் பக்கம், ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்தில் 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று. ஸ்டீரியோவின் பக்கம் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் தொடராகவும், 100 ஓம் ரெசிஸ்டர் குறுக்காகவும். பதினொன்றில் ஒரு பங்கு மட்டும் உள்ளே போகும். 4 வோல்ட் 0.36 வோல்ட்டாகும். வழியில் ஒட்டிக்கொண்ட ஊளையும் அதே வீதத்தில் சுருங்கும். இதே இரண்டு ரெசிஸ்டரையும் செட்டின் பக்கம் வைத்தால் இந்த லாபம் கிடைக்காது. இந்த இடமாற்றத்தின் அருமை அன்றுதான் எனக்கே நேரில் தெரிந்தது: பொருள் அதேதான், வைத்த இடம் வேறு.

ஊளை சிறுத்தது. போகவில்லை.

இனி அந்த ஊளை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். ஆல்டர்னேட்டர் மூன்று கட்ட மாறுமின்னை உண்டாக்கி, டயோடுகள் வழியாக நேர்மின்னாக மாற்றுகிறது. அந்த நேர்மின் வழவழப்பானதல்ல. அதில் மேடும் பள்ளமும் உண்டு. ஆறு ஜோடிக் காந்த முனைகள் உள்ள ஆல்டர்னேட்டர் ஒரு சுற்று சுற்றினால் 36 மேடுகள். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடுகிறது, கப்பி விகிதம் இரண்டரை என்று வைத்துக்கொண்டால் ஆல்டர்னேட்டர் 2000 சுற்று ஓடும். வினாடிக்கு 33 சுற்று, 1200 ஹெர்ட்ஸ். எஞ்சின் 2000 சுற்றை எட்டும்போது 3000 ஹெர்ட்ஸ். இருவழி வானொலியில் குரல் பயணிக்கும் அலைவரிசை 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை. ஊளை வந்து உட்கார்ந்திருப்பது குரலின் மடியிலேயே. வடிகட்டி வைத்து அதை எடுக்கப் பார்த்தால் குரலையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். ஆகவே அது நுழையும் வாசலை அடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வாசலைக் கண்டுபிடிக்க என் கையடக்க வாக்கி டாக்கியை அதே ஆக்ஸ் கம்பியில் செருகினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. குரல் தெளிவாக வந்தது, ஊளை மருந்துக்கும் இல்லை. வாக்கி டாக்கி தன் பேட்டரியில் ஓடுகிறது, வண்டியின் பாடியை எந்த இடத்திலும் தொடவில்லை. அப்படியானால் குறை கம்பியில் இல்லை, ஸ்டீரியோவிலும் இல்லை. வண்டியில் பொருத்திய செட்டும் ஸ்டீரியோவும் வெவ்வேறு இடங்களில் எர்த் ஆகியிருக்கின்றன. அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள சிறு மின்னழுத்த வேறுபாடு ஆக்ஸ் கம்பியின் ஷீல்டு வழியாக ஓடி, குரலோடு கலந்துவிடுகிறது.

ஆக்ஸ் கம்பியைக் கழற்றிவிட்டு, செட்டின் உடலுக்கும் ஸ்டீரியோவின் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தேன். கேட்டுக்கொண்டிருக்கும்போது முள் அசையவில்லை. தம்பியைப் பேசும் பொத்தானை அழுத்தச் சொன்னேன். 0.3 வோல்ட். அவன் முகத்தில் மாற்றம் இல்லை, என் முகத்தில் இருந்தது.

செட்டுக்கு மின்சாரத்தைச் சிகரெட் லைட்டர் துளையிலிருந்து எடுத்திருந்தான். 50 வாட் செட் பேசும்போது ஏறக்குறைய 10 ஆம்பியர் இழுக்கும். அந்தத் துளையின் பக்கவாட்டுத் தொடுப்பு தளர்ந்திருந்தது. திரும்பிப் போக வேண்டிய மின்னோட்டம் நல்ல வழி கிடைக்காமல் தவித்தது. ஆக்ஸ் கம்பி இணைந்திருந்தபோது அதன் மெல்லிய ஷீல்டு இன்னொரு வழியாகி, மின்னோட்டத்தில் ஒரு பகுதியைச் சுமந்துகொண்டிருந்தது. "நீண்ட நேரம் பேசினால் ஆக்ஸ் பிளக் சற்றுச் சூடாக இருந்ததே, அதுவும் இதுதானா?" என்று தம்பி அப்போதுதான் கேட்டான். இதை அந்த மூன்று வரித் தாளில் நான்காவது வரியாக எழுதியிருக்க வேண்டும். தொடுப்பு முழுதாக விட்டுப்போயிருந்தால் 10 ஆம்பியரும் தலைமுடி கனமுள்ள அந்த ஷீல்டில் பாய்ந்திருக்கும். ஆன்டெனா காந்த அடியில் கூரைமேல் நின்றதால், அதன் கேபிள் வழியாகவும் நேர்மின்னுக்குப் பாதை இல்லை.

பேட்டரியின் நேர் முனையிலிருந்து தடித்த கம்பி இழுத்தோம். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் பியூஸ். எதிர்க் கம்பியைப் பேட்டரி முனையில் மாட்டவில்லை. இந்த வண்டியில் எதிர் முனையில் பேட்டரியின் நிலையைக் கணக்கிடும் உணரி இருந்தது. அதைத் தாண்டி நேராக முனையில் மாட்டினால் அதன் கணக்குப் பிசகும். அருகில் பாடியில் ஒரு போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட்டைச் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு அங்கே இறுக்கினோம். மறுபடி அளந்தபோது 0.3 வோல்ட் இருந்த இடத்தில் சில மில்லிவோல்ட். ஊளை இன்னும் மெலிந்தது. எஞ்சின் நின்ற வண்டியில் ரேடியோ கேட்டுப் பழகிய காதுக்கு மட்டுமே பிடிபடும் அளவு.

அதையும் தீர்த்தது ஒரு சிறிய ஒலி டிரான்ஸ்பார்மர். 600 ஓமுக்கு 600 ஓம், சுற்று விகிதம் ஒன்றுக்கு ஒன்று. முதற்சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் இடையே உலோகத் தொடர்பு கிடையாது; குரல் காந்தப் புலமாகத் தாண்டும், எர்த் தாண்டாது. இரண்டு ரெசிஸ்டருக்கு அடுத்தபடியாக, ஸ்டீரியோவின் பக்கம் அதை வைத்தோம். முன்னால் வைக்காததற்குக் காரணம் உண்டு: இந்தச் சிறு டிரான்ஸ்பார்மர்கள் பெரிய ஒலியில் திணறிக் குரலைச் சிதைக்கும். குறைத்த பிறகு கொடுத்தால் நிம்மதியாக இருக்கும். ஒரு பக்கத்து ஷீல்டை மறுபக்கத்து ஷீல்டோடு எங்கும் சேர்க்காமல் விட்டோம். பெட்டியே உலோகமாக இருந்து, இரண்டு துளைகளின் எர்த்தும் அதைத் தொட்டால் டிரான்ஸ்பார்மர் வைத்ததே வீண். அதனால் பிளாஸ்டிக் பெட்டி.

எஞ்சினை இயக்கினோம். ஊளை இல்லை. தம்பி கைதட்டினான். நானும் கருவிகளை அடுக்கத் தொடங்கினேன். அப்போது ரிப்பீட்டர் (குரலை வாங்கித் தொலைவுக்கு மறுபடி ஒலிபரப்பும் நிலையம்) வழியாக ஒருவர் பேச ஆரம்பித்தார். இருக்கைக்கு அடியிலிருந்து ஓர் உறுமல் கிளம்பியது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. அவர் பேசும்போதும், பேச்சின் நடுவே மூச்சு விடும்போதும் ஒரே சுருதியில் அடிவயிற்றில் உணரும்படி உறுமல் தொடர்ந்தது. அவர் பொத்தானை விட்டதும் நின்றது. எஞ்சினை அணைத்துப் பார்த்தேன், உறுமல் அப்படியே இருந்தது. எர்த்தில் குறை என்றால் எஞ்சினோடு சேர்ந்து போயிருக்க வேண்டும். இத்தனை நாளும் ஊளையின் நிழலில் ஒளிந்திருந்த இது, ஊளை போனதும் தலைகாட்டுகிறது. டிரான்ஸ்பார்மரைச் சந்தேகித்து அரை மணி நேரம் வீணாக்கினேன். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு ரிப்பீட்டரை விட்டு, நேரடி அலைவரிசையில் என் வாக்கி டாக்கியிலிருந்து பேசினேன். உறுமல் இல்லை. அப்போதுதான் பொறி தட்டியது.

அந்த ரிப்பீட்டர் தன் ஒலிபரப்போடு ஒரு துணைத் தொனியையும் அனுப்புகிறது. சிடிசிஎஸ்எஸ் என்று செட்டின் பட்டியலில் இருக்கும் அதுதான். ஒரே அலைவரிசையில் வரும் வேண்டாத குரல்களைத் தள்ளிவிட, 67 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையிலான ஏதோ ஒரு தாழ்ந்த தொனியை அடையாளமாகக் குரலுக்கு அடியில் ஓட விடுவார்கள். இந்த ரிப்பீட்டருக்கு 88.5 ஹெர்ட்ஸ். பேசுபவர் வாய் மூடினாலும் தொனி ஓடிக்கொண்டே இருக்கும். செட்டின் உள்ளே அதைக் குறைக்கும் வடிகட்டி இருந்தாலும், எல்லாச் செட்டிலும் அது முழுதாகத் துடைப்பதில்லை. மிச்சம் இருப்பது செட்டின் உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் கேட்காது; அவ்வளவு தாழ்ந்த தொனியை எழுப்ப அதற்கு வலுவில்லை. தம்பியின் சப்வூஃபரோ அதற்காகவே பிறந்தது. வானொலி புதிதாக எதையும் அனுப்பவில்லை. இதுவரை காது எட்டாத இடத்தில் இருந்ததை ஸ்டீரியோ எடுத்துக் கொடுத்துவிட்டது.

இதற்கு வடிகட்டியே போதும், ஏனெனில் இது குரலின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஆக்ஸ் துளையின் உள்தடையை அளந்தால் பக்கத்துக்கு ஏறக்குறைய 20 கிலோ ஓம். இரண்டும் சேர்ந்தால் 10 கிலோ ஓம். டிரான்ஸ்பார்மரின் இரண்டாம் சுற்றிலிருந்து போகும் கம்பியில் 0.047 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்றைத் தொடராக வைத்தேன். 340 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரியத் தொடங்கும், 88.5 ஹெர்ட்ஸ் நான்கில் ஒரு பங்காகும். சப்வூஃபர் அளவையும் இரண்டு படி இறக்கினோம். உறுமல் அடங்கியது.

தாளில் மிச்சம் இருந்தது படபடப்பு. இது நேரடியான ரேடியோ அலை. 145 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் அலைநீளம் இரண்டு மீட்டர்; அரை மீட்டர் நீளமுள்ள எந்தக் கம்பியும் ஆன்டெனாவாக நடிக்கும். வண்டிக்குள் ஸ்பீக்கர் கம்பிகள் எல்லாம் அந்த நீளத்துக்கு மேல்தான். போதாக்குறைக்கு ஆன்டெனா கேபிளைக் கதவு ஸ்பீக்கர் கம்பிகளோடு ஒரே கட்டாகக் கட்டி வைத்திருந்தான், பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று. கேபிளை எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோனோம். ஆக்ஸ் கம்பியிலும் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கம்பிகளிலும் ரேடியோ அலையைத் தடுக்கும், கவ்வும் ஃபெரைட் வளையங்களை, முடிந்த இடத்தில் கம்பியை இரண்டு சுற்றாக விட்டு, மாட்டினோம். இரண்டு சுற்று என்றால் தடுப்பு இரட்டிப்பல்ல, ஏறக்குறைய நான்கு மடங்கு. படபடப்பு நின்றது.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துத் தம்பி மறுபடி அழைத்தான். "அண்ணா, எல்லாம் கண்ணாடி போலக் கேட்கிறது. ஆனால் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் யார் கூப்பிட்டாலும் தெரிவதில்லை."

உண்மைதான். வெளி ஸ்பீக்கர் துளையில் பிளக் செருகியதும் செட்டின் சொந்த ஸ்பீக்கர் துண்டிக்கப்படும். ஸ்டீரியோ ஆக்ஸில் இல்லாவிட்டால் குரல் போகும் இடமே இல்லை. ஸ்டீரியோவின் பின்பக்க இணைப்பில் தொலைபேசி வந்தால் பாட்டை நிறுத்தும் கம்பி ஒன்று இருந்தது. எர்த் செய்தால் ஒலி அடங்கும். செட்டின் பின்னால் உள்ள ஆறு முனைத் தரவுத் துளையில் ஒரு முனை, குரல் வரும்போது 5 வோல்ட் காட்டியது. இரண்டையும் ஒரு பிசி 547 டிரான்சிஸ்டரால் சேர்த்துவிடலாம் என்று எனக்கு ஒரே உற்சாகம். சேர்த்தும் விட்டேன். குரல் வந்ததும் பாட்டு நின்றது. ஆக்ஸில் இருந்தால் குரலும் நின்றது. ஊமையாக்கும் கம்பி எல்லாவற்றையும் ஊமையாக்கும் என்பதை யோசிக்காமல் போனேன்.

தீர்வு பத்து நிமிடத்தில் வந்தது, அதுவும் தம்பியின் வாயிலிருந்து. "அந்த 10 ஓம் ரெசிஸ்டர் சும்மாதானே சூடாகிக்கொண்டிருக்கிறது, அந்த இடத்தில் ஒரு ஸ்பீக்கரையே வைத்தால் என்ன?" என்றான். 8 ஓம் சிறு ஸ்பீக்கர் ஒன்றை அவன் காதுக்கு நேராக, முன் கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணில் பொருத்தினோம். இப்போது பாட்டு ஓடும். குரல் வந்தால் பாட்டு அடங்கி, சிறு ஸ்பீக்கரில் குரல் வரும். ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளியில் பாட்டு எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது எரிச்சலாக இருந்ததால், டிரான்சிஸ்டரின் முன்னால் ஒரு டயோடும் 100 மைக்ரோஃபாரட் கண்டன்சரும் வைத்து இரண்டு வினாடி பொறுக்கச் செய்தேன். அந்த ஊமைக் கம்பிக்கு ஒரு சிறிய சுவிட்ச். ஆக்ஸில் கேட்க வேண்டும் என்றால் அணைத்துக்கொள்ளலாம்.

அண்மையில் அந்த வண்டியில் ஒரு பயணம் போனேன். முழு வழியும் குரல் தூணில் இருந்த சிறு ஸ்பீக்கரில்தான் வந்தது. எஞ்சின் சத்தத்தை மீறித் தெளிவாகக் கேட்டது. உறுமலும் இல்லை, ஊளையும் இல்லை, ஏனெனில் அந்த ஸ்பீக்கருக்கு அவற்றை எட்டும் வழியே கிடையாது. ஆக்ஸ் எதற்குப் பயன்படுகிறது என்று கேட்டேன். பின் இருக்கையில் இருப்பவர்களும் கேட்க வேண்டும் என்றால் மட்டும் திருப்புவானாம். டிரான்ஸ்பார்மர் பெட்டி டேஷ்போர்டுக்குள் அப்படியே இருக்கிறது. மூடி கழன்றுவிடாமல் இருக்க ரப்பர் வளையம் ஒன்று மாட்டியிருக்கிறான்.